ஆறாத சூளை

மணிக்காடு அரசினர் உயர்நிலைப் பள்ளியின் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், வேப்பமரத்துக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவில், குப்புறக் கவிழ்த்த அண்டா மாதிரி ஒரு செங்கல் மேடு இருந்தது. அதன்மேல் பதினோரு வருஷமாகப் புளியும் மிளகாயும் காயப்போட்டு வந்தவள் சமையல்காரி கொளஞ்சி. ஐப்பசி அடைமழையிலும் அந்த மேட்டில் மிளகாய் ஒரே நாளில் சருகாகக் காய்ந்தது, மார்கழிப் பனியில் தெருப் பூனைகளெல்லாம் அங்கேதான் வந்து படுத்தன, பரீட்சை நேரத்தில் குளிர்காய்ச்சல் கண்ட பிள்ளைகள் அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து தெளிந்து எழுந்து போனார்கள். ஏன் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. காய்கிற மிளகாயைப் பார்த்து ஏன் காய்கிறாய் என்று யார் கேட்பார்கள்?

புதிய சமையல் கட்டடத்துக்கு அனுமதி வந்து, ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு மேஸ்திரி தங்கராசு அந்த மேட்டின் அடைத்த வாயில் கடப்பாரையை வைத்து நெம்பினார். முதல் செங்கல் பெயர்ந்ததும் உள்ளேயிருந்து ஒரு காற்று வந்து அவருடைய மீசையைத் தடவிவிட்டுப் போனது.

"ஏம்மா, உள்ள அடுப்பு கிடுப்பு எரியுதா?"

"அது அடுப்பு இல்லீங்க, சூளை," என்றாள் கொளஞ்சி, சாம்பார்க் கரண்டியோடு வெளியே வந்து. சொன்ன பிறகுதான் அது தனக்கு எப்படித் தெரியும் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது, ஞாபகம் வந்ததும் கரண்டியிலிருந்த சாம்பார் காலில் சொட்டியதுகூடத் தெரியாமல் நின்றுவிட்டாள்.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சூளையைப் பள்ளிக்கு இனாமாகக் கட்டிக்கொடுத்தது ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பீங்கான் கம்பெனி. அப்போது டிராயிங் வாத்தியாராக இருந்தவர் சூசைமாணிக்கம் சார், எப்போதும் ஏலக்காய் மெல்லுகிற ஒல்லி மனிதர். சூளை கட்டி முடிந்த மறுநாள் அவர் எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குள் வந்து, "ரெண்டு மலைக்கு நடுவுல சூரியன், ஒரு ஆறு, ஒரு தென்னமரம், இத வரஞ்சி வரஞ்சி என் உசுர வாங்கியாச்சு. இனிமே அது கிடையாது. அவங்கவங்க வூட்டுல எது இல்லியோ அத வரைங்க. வரஞ்சதயே களிமண்ணுல செய்ங்க" என்றார். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் அவரவர் வீட்டைத் தலைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, இல்லாததைத் தேடினார்கள். தேடுவதற்கு யாரும் சிரமப்படவில்லை.

வரைய ஒரு வாரம், மண் பிசைந்து உருட்டிச் செய்ய மூன்று வாரம், நிழலில் உலர ஒரு வாரம். பிறகு ஒரு வியாழக்கிழமை சார் எல்லாவற்றையும் சூளைக்குள் அடுக்கி, விறகுக்குத் தீ வைத்து, சனிக்கிழமை திறக்கலாம் என்றார். வெள்ளிக்கிழமை பிடித்த மழை வெள்ளாற்றை ஊருக்குள் கூட்டி வந்தது. பள்ளி பன்னிரண்டு நாள் மூடிக் கிடந்தது. திறந்தபோது சாருக்கு ராமநாதபுரம் பக்கம் மாற்றல் உத்தரவு வந்து அவர் போயே போய்விட்டார், புதிதாக வந்த தலைமையாசிரியர் பிள்ளைகள் உள்ளே நுழைந்து ஏதாவது ஆகிவிடப் போகிறதென்று பயந்து சூளையின் வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். தீ அணைந்தது, விறகு சாம்பலானது, எட்டாம் வகுப்பு ஒன்பதாம் வகுப்பானது, ஒன்பதாம் வகுப்பு கல்யாணமும் வேலையும் பிள்ளைகுட்டியுமானது. பள்ளிக்கூடம் விட்டாச்சு என்று உள்ளே இருந்த சூட்டுக்கு மட்டும் யாரும் போய்ச் சொல்லவில்லை.

மேஸ்திரி சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். கை, கால், சக்கரம், கொம்பு என்று அடையாளம் பிடிபடாத செக்கச்செவேல் உருவங்கள், ஒவ்வொன்றும் இறக்கிவைத்துச் சற்று நேரமான சோற்றுப் பானை போலக் கையில் பிடிக்க முடிகிற சூட்டில் இருந்தன. மேஸ்திரி தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் கொளஞ்சி அவற்றில் ஒன்றை எடுத்து முந்தானையில் சுற்றி, ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குள் கைவிட்டு ஆழத்தில் புதைத்துவிட்டு வந்தாள். வந்து, ஒன்றும் நடக்காததுபோல முட்டைகளை உரிக்க உட்கார்ந்தாள்.

சாயந்தரத்துக்குள் ஆறிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆறவில்லை. மறுநாளும் ஆறவில்லை, மறுவாரமும் ஆறவில்லை. மின்வாரிய லைன்மேன் வந்து எங்காவது வயர் உரசுகிறதா என்று பார்த்துவிட்டு, இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தாசில்தார் ஜீப்பில் வந்து, இது வருவாய்த் துறையின்கீழ் வருமா கல்வித் துறையின்கீழ் வருமா என்று கேட்டு, கல்வித் துறைதான் என்று தெரிந்ததும் நிம்மதியாக ஒரு டீ குடித்தார். அறிவியல் வாத்தியார் ஒன்றை ஐஸ்பெட்டியில் ஒரு பகல் முழுக்கப் போட்டுவைத்தார். ஐஸ் உருகித் தண்ணீரானது, தண்ணீர் குளிக்கிற பதத்துக்கு வந்தது, மண் பொம்மை அதே ஐம்பது டிகிரியில் இருந்தது. அவர் ஒரு பல்கலைக்கழகத்துக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினார். 'மாதிரியை நன்றாக ஆறவைத்து அனுப்பவும்' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு மணிக்காட்டில் யாரும் காரணம் தேடவில்லை. இருப்பதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதில் இறங்கிவிட்டார்கள்.

தலைமையாசிரியை மங்கையர்க்கரசி டீச்சர் பழைய பீரோவைக் குடைந்து, அடிமட்டத் தட்டிலிருந்து நாற்பத்திரண்டு டிராயிங் நோட்டுகளை எடுத்தார். கரையான் ஓரத்தைத் தின்றிருந்ததே தவிர நடுவில் கைவைக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு படம், படத்துக்கு மேலே 'எங்கள் வீட்டில் இல்லாதது' என்ற தலைப்பு, கீழே பெயரும் வரிசை எண்ணும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த வகுப்பில் படித்தவர்கள் எல்லோரும் வரவேண்டும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். படித்தவர்களும் வந்தார்கள், அவர்களைக் கட்டிக்கொண்டவர்களும் வந்தார்கள், சம்பந்தமே இல்லாத ஊர் ஜனமும் வந்து பிரார்த்தனைக் கூடம் கொள்ளாமல் ஜன்னல் கம்பிகளில் தொற்றிக்கொண்டது.

டீச்சர் ஒவ்வொரு படமாகத் தூக்கிக் காட்ட, பெயர் படிக்க, அந்தப் படத்துக்கான உருவம் மேசையில் எது என்று ஊரே சேர்ந்து தேடியது. டீக்கடை பூவராகன் வரைந்தது மின்விசிறி. நோட்டில் அது மூன்று இறக்கையோடு அம்சமாக இருந்தது, களிமண்ணில் அது மிதிபட்ட வாழைப்பூவாக இருந்தது. "இதுக்குக் கீழ படுத்தா காத்து வராது, கனவுதான் வரும்" என்று அவன் பெண்டாட்டி சொல்ல, கூடம் அதிர்ந்தது. ரேஷன்கடை சகாயராணி செய்திருந்தது கக்கூஸ். அன்றைக்கு வகுப்பே சிரித்துச் சிரித்து அவளை அழவைத்த பொருள். இன்றைக்கு அவள் எழுந்து நின்று, "சிரிங்க, நல்லா சிரிங்க, எங்க வூட்டுல இப்ப ரெண்டு இருக்குது!" என்று சொல்லி, அதை ஒரு குழந்தையைப்போல இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். கறிக்கடை சாதிக் யானை செய்திருந்தான். "எல்லாரும் டி.வி., ஃபோனுன்னு போனாங்க, நான் யோசிச்சுப் பாத்தேன், எங்க வூட்டுல யானையும்தான் இல்ல" என்றான். மலேசியாவில் இருக்கும் ஒருவனுக்கு வீடியோ காலில் அவனுடைய சைக்கிளைக் காட்டினார்கள், அவன் அந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெல் இருக்கா பாருங்கடா, பெல் வச்சேன்டா என்று கேட்டான். பெல் இருந்தது. லாரி விபத்தில் போய்விட்ட தனபாலின் தொலைபேசியை வாங்கிக்கொள்ள அவன் அம்மா வந்திருந்தார். மண் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். "கதகதன்னு இருக்குதுப்பா, இப்பதான் யாரோ பேசிட்டு வச்ச மாதிரி" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள்.

எல்லாம் முடிந்து எண்ணிப் பார்த்தால், நோட்டு நாற்பத்திரண்டு, பொருள் நாற்பத்தொன்று. டீச்சர் மிச்சமிருந்த நோட்டைப் பிரித்தார். அதில் ஒரு பெண்பிள்ளை வரையப்பட்டிருந்தாள். இரட்டைச் சடை, முன்பல் ஒன்று கொஞ்சம் தூக்கல், இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. அம்புக்குறி போட்டு 'அமுதவல்லி' என்று எழுதியிருந்தது. கீழே, 'பா. கொளஞ்சி, வரிசை எண் 11.'

கூடத்தில் இருந்த பாதிப் பேர் கொளஞ்சியைத் திரும்பிப் பார்த்தார்கள், மீதிப் பாதிப் பேர் வாசலைப் பார்த்தார்கள், ஆனால் அமுதவல்லி வந்திருக்கவில்லை. கொளஞ்சி இருக்கும் இடத்துக்கு அமுதவல்லி வரமாட்டாள், அமுதவல்லி இருக்கும் இடத்தில் கொளஞ்சி உட்காரமாட்டாள். ஒரே தெருவில் நாலு வீடு தள்ளி வாழ்கிற அந்த இரண்டு பேரும் இருபத்தேழு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது, மணிக்காட்டில் ஆறு கிழக்கே ஓடுகிறது என்பதைப்போல எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கல்யாணப் பந்திகளில் இருவரையும் வெவ்வேறு வரிசையில் உட்கார வைப்பதற்கென்றே தெருவில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்வார். காரணம்தான் யாருக்கும் தெரியாது.

"இந்தப் பொம்ம எங்கம்மா?" என்றார் டீச்சர், மெதுவாக.

"அரிசி மூட்டைக்குள்ள இருக்குது டீச்சர்."

கூடம் சிரித்த சிரிப்பில் ஜன்னலில் தொங்கியவர்கள் இரண்டு பேர் கீழே விழுந்தார்கள். கொளஞ்சிக்கு முகம் சிவந்து காது எரிந்தது. எட்டாம் வகுப்பு படிக்கும்போது அவள் வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான், அம்மா விடியலில் நடவுக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் வருவாள், சுவரோடு பேசிச் சுவரோடு சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு வீட்டில் இல்லாதது எது என்று தேட இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ரப்பரைக் கடித்துப் பங்குபோட்டவளைத்தான் அவள் வரைந்தாள். வரைந்ததைக் காட்ட ஓடினாள். அமுதவல்லியும் தன் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். ஒரு சின்ன அறை, ஒரு பாய், ஒரு ஜன்னல், கதவின் உள்பக்கம் பெரிதாக ஒரு தாழ்ப்பாள். "இதுல நான் எங்க?" என்று கேட்டாள் கொளஞ்சி. "யாருமே இல்ல. அதாண்டி அழகு," என்றாள் அமுதவல்லி. அவ்வளவுதான். அதோடு பேச்சு நின்றது, பிறகு மழை வந்தது, பள்ளி மூடியது, பேச்சு நின்ற இடத்தில் நாட்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் செங்கலாக ஏறிக்கொண்டன.

அமுதவல்லி களிமண்ணில் செய்த அந்த அறையும் மேசையில்தான் இருந்தது. தீப்பெட்டி என்றார்கள் சிலர், எலிப்பொறி என்றார்கள் சிலர். உரியவள் வராததால் அதைத் தலைமையாசிரியை அறையில் வருகைப் பதிவேட்டுக்கு மேலே வைத்தார்கள்.

அதற்கு அடுத்து வந்த இரண்டு மாதம் மணிக்காடு அனுபவித்த சுகத்தைச் சொல்லி முடியாது. பூவராகன் தன் விசிறியை வடைத் தட்டுக்கு அடியில் வைத்தான், காலை ஆறு மணி வடை மாலை ஆறு மணிக்கும் சுடச்சுட இருந்தது, பக்கத்து ஊர் பஸ்களெல்லாம் அவன் கடை வாசலில் காரணமில்லாமல் நின்றன. இஸ்திரிக்காரர் ஒருத்தர் தன் தங்கை செய்த கேஸ் அடுப்பைத் துணியில் சுற்றி, காலர் தேய்க்க வைத்துக்கொண்டார். சாதிக்கின் யானை முழங்கால் வலிக்காரர்களிடையே தெருத்தெருவாக முறைபோட்டு ஊர்வலம் போனது, வெள்ளிக்கிழமை மசூதித் தெரு, சனிக்கிழமை பெருமாள் கோயில் தெரு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் பின்பக்கம். யாரோ செய்த டெலிவிஷன் பெட்டியின் மேல் ஒரு கோழி வந்து உட்கார்ந்து, இறங்க மறுத்து, இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சுகளோடு எழுந்து போனது. பிரசவமான வீடுகளில், "சகாயராணி அக்காகிட்ட இருந்து அத வாங்கிட்டு வா" என்றார்கள், எதை என்று பெயர் சொல்லவில்லை, ஆனாலும் அதுதான் வந்தது, பிறந்த குழந்தையின் கால்மாட்டில் அதுதான் இருந்தது. மழைக்காலம் தொடங்கியபோது ஊரில் யாருக்கும் சளி பிடிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார், பிறகு தன் பழைய வகுப்புத் தோழனிடம் ஒரு மண் ஸ்கூட்டரை இரவல் வாங்கி இடுப்பில் ஒத்தடம் கொடுத்ததும் அவரும் சரியாகிவிட்டார்.

ஆனால் கொளஞ்சி தன்னுடையதை அரிசி மூட்டையிலிருந்து வெளியே எடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு போய் எங்கே வைப்பது? கணவன் பரமசிவம், மாமியார், இரண்டு கொழுந்தன்மார், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள், அவளுடைய மூன்று பேர், ஆக பதினான்கு தலைகள் இரண்டு அறையில் இருந்தன. புடவை மாற்ற அவள் கதவைச் சாத்தினால் இந்தப் பக்கம் ஒருத்தர் சீப்பு கேட்பார், அந்தப் பக்கம் ஒருத்தர் சார்ஜர் கேட்பார். அழவேண்டுமென்றால்கூட பள்ளியின் ஸ்டோர் ரூமுக்கு வந்துதான் அழவேண்டும், அங்கேயும் முட்டைக்காரர் வந்து கதவைத் தட்டுவார்.

ஒரு புதன்கிழமை மாவட்ட அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. உரியவர் பெற்றுக்கொள்ளாத பொருட்களை வெள்ளிக்கிழமை வந்து எடுத்துச் செல்வதாக எழுதியிருந்தார்கள். டீச்சர் கொளஞ்சியைக் கூப்பிட்டு அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினார். படித்துவிட்டு, வருகைப் பதிவேட்டின் மேல் இருந்த அறையைப் பார்த்தார், கொளஞ்சியைப் பார்த்தார், மறுபடி அறையைப் பார்த்தார்.

"என்னை ஏன் டீச்சர் பாக்கறீங்க?"

"நான் பாக்கலம்மா. சும்மா சொன்னேன்."

"அவங்க வந்து வாங்கிக்கணும். நான் எதுக்குப் போகணும்?"

"போகணும்னு நான் சொன்னேனா?"

வியாழக்கிழமை மதியம், பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கொளஞ்சி அந்த மண் அறையை முந்தானையில் பொதிந்து தெருவில் இறங்கினாள். வயிற்றோடு அணைத்திருந்ததால் சூடு அடிவயிறுவரை இறங்கியது. அவள் எங்கே போகிறாள் என்பதைத் தெரு புரிந்துகொண்டு, இரண்டு பக்கமும் கதவுகள் சத்தமில்லாமல் ஒரு சாண் திறந்தன. தன் வீட்டைத் தாண்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது வீட்டு கேட்டில் கைவைத்தாள். மாடியும் கிரானைட் படியுமாகப் பெரிய வீடு. உள்ளே டி.வி.யில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அமுதவல்லி கதவைத் திறந்தாள். புருவத் தழும்பு அப்படியே இருந்தது. பல்லைச் சீர் பண்ணியிருந்தாள்.

"வா," என்றாள், நேற்றைக்கு வந்துவிட்டுப் போனவளிடம் சொல்வதுபோல. பிறகு திரும்பி டி.வி.யை அணைக்கப் போனாள். வீடு சட்டென்று அடங்கியதில் சுவர்க் கடிகாரம் பெரிதாகக் கேட்டது.

கொளஞ்சி முந்தானையை அவிழ்த்து அறையை மேசைமேல் வைத்தாள். "நாளைக்கு வந்து தூக்கினு போயிடுவாங்களாம். ஒன்னுது. எடுத்துக்க."

அமுதவல்லி அதைத் தொட்டாள், கையை எடுத்தாள், மறுபடி தொட்டாள். "எனக்கு என்னாத்துக்கு புள்ள இது? எண்ணிப் பாரு, நாலு ரூம் இருக்குது இந்த வூட்டுல. அவரு மஸ்கட் போயி பதினாலு வருசமாவுது, பொண்ணு கோயமுத்தூருல ஆஸ்டல்ல இருக்குது. நாலு ரூமையும் நாந்தான் பெருக்கறேன், நாலு ரூம்லயும் எவளும் ஒரு டம்ளர எடம் மாத்தி வைக்கறதில்ல. தாப்பா போட்டாலும் ஒன்னுதான், போடாட்டாலும் ஒன்னுதான்."

"அன்னிக்கு அதான் அழகுன்னு சொன்ன."

"சொன்னேன். அஞ்சு பொட்டப் புள்ளைங்க, ஒத்த அறை. நான் திரும்பிப் படுக்கணும்னா நாலு பேரு திரும்பிப் படுக்கணும். சொல்ல மாட்டேனா?" அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ஒன்னையும் அதுக்குள்ள வரையலாம்னுதான் இருந்தேன். பென்சில சீவிக்கினு வரதுக்குள்ள பெல்லு அடிச்சிட்டாங்க."

கொளஞ்சி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். சிறுவயதில் பொய் சொல்லும்போது அமுதவல்லியின் மூக்கு நுனி லேசாக அசையும். இப்போது அசைந்ததா இல்லையா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. அசையவில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

"பெல்லு அடிச்சா மறுநாளு வரையறது," என்றாள்.

"மறுநாளு நீதான் எடம் மாறி சகாயராணி பக்கத்துல போயி குந்திக்கினியே!"

"நீ வந்து கூப்புடறது!"

"நீ மூஞ்சத் திருப்பிக்கினா நான் எந்தப் பக்கமா வந்து கூப்புடறது?"

இருபத்தேழு வருஷத்துச் சண்டையை இருவரும் நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும் அரை மணி நேரத்தில் போட்டுத் தீர்த்தார்கள். யார் கல்யாணத்துக்கு யார் வரவில்லை, யார் அம்மா செத்ததற்கு யார் தெருமுனையில் நின்றே அழுதுவிட்டுப் போனார்கள், தண்ணீர் லாரியில் யார் குடத்தை யார் யாருக்கும் தெரியாமல் முன்னால் நகர்த்தி வைத்தார்கள், எல்லாம் வெளியே வந்தது. தெரு முழுக்க ஜன்னலோரம் நின்று கேட்டது. கடைசியில் இருவருக்கும் தொண்டை வறண்டு, அமுதவல்லி எழுந்துபோய் மோர் கொண்டுவந்தாள்.

"எங்க அந்த நானு?" என்று கேட்டாள்.

"எந்த நீ?"

"அரிசி மூட்டையில கெடக்கறாளே, அவதான். ஊரே சொல்லிச் சிரிக்குது. எனக்குக் குடு அத."

"அது நான் செஞ்சது."

"அதுல இருக்கறது நானு. என்னை எனக்குத் தர மாட்டியா?"

"தரேன்," என்றாள் கொளஞ்சி. மண் அறையை எடுத்து, கதவைச் சுண்டுவிரல் நகத்தால் லேசாகத் திறந்து, உள்பக்கத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி குச்சியால் கவனமாகக் கீறியிருந்த தாழ்ப்பாளைப் பார்த்தாள். "இத நான் வச்சிக்கறேன். எங்க வூட்டுல இல்லாதது இதான்."

அமுதவல்லி அவளையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பில் புதுப்பல் எல்லாம் போய்ப் பழைய தூக்கல் பல் தெரிவதுபோலக் கொளஞ்சிக்கு இருந்தது. "வூட்டுக்குள்ள வூடு எடுத்துக்கினு போயி எங்கடி வைப்ப, பதினாலு பேருக்கு நடுவுல? மாடியில மூணு ரூமு சும்மாதான் கெடக்குது. வந்து தாப்பா போட்டுக்கினு படு. எவ தட்டுறான்னு நான் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை அருங்காட்சியக அதிகாரி வேனோடு வந்தார். எடுத்துப்போக ஒன்றுமே மிச்சமில்லை என்று மங்கையர்க்கரசி டீச்சர் சொன்னார். அவர் வெறும் பெட்டிகளோடு திரும்பக் கூடாதென்று ஊர் பிரியப்பட்டு, மலேசியாக்காரனிடம் வீடியோ காலில் அனுமதி வாங்கி, பெல் வைத்த சைக்கிளைக் கொடுத்தது. அதிகாரி அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, வேனில் தூங்கிக்கொண்டே போனதாக ஓட்டுநர் பிற்பாடு சொன்னார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கொளஞ்சி அமுதவல்லி வீட்டு மாடிக்கு ஏறினாள். மழை ஓய்ந்து வெயில் மஞ்சளாக இறங்கியிருந்த அறை, ஒரு பாய், ஒரு ஜன்னல். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். எடுத்தாள், மறுபடி போட்டாள். ஆசை தீர மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு, மண் அறையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தாள். நிசப்தம் காதை அடைத்தது. யாரும் சீப்பு கேட்கவில்லை. யாரும் எதுவும் கேட்காதது பழக்கமில்லாமல் அவள் புரண்டு புரண்டு படுத்தாள், எழுந்து உட்கார்ந்தாள், நாம் என்ன கொழுப்பெடுத்து இங்கே வந்து கிடக்கிறோம் என்றுகூட நினைத்தாள்.

அப்போது நாலு வீடு தள்ளி, தன் வீட்டிலிருந்து வழக்கமான இரைச்சல் ஜன்னல் வழியாக வந்தது. பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் சத்தம், மாமியார் வெற்றிலை இடிக்கும் சத்தம், சின்னக் கொழுந்தன் ஃபோனில் கத்தும் சத்தம், அத்தனைக்கும் மேலே, பதினாலோடு பதினைந்தாவதாக அமுதவல்லியின் குரல்: "ஏய், அவ பங்கு முறுக்க எவன்டா எடுத்தது? எடுத்த எடத்துல வைடா! ஏம்மா, நீங்க நவுந்து குந்துங்க, எனக்கும் எடம் வேணாமா?"

கொளஞ்சி காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பக்கவாட்டில் திரும்பி, காலை நீட்ட முடிந்தவரை நீட்டி, கையை அகட்ட முடிந்தவரை அகட்டி, யார்மேலும் இடிக்காமல் தூங்கிப்போனாள்.